உங்கள் வீட்டுக் கமெராவின் திறப்பு யாருடைய கையில்?

மேல்மாடியில் குழந்தை தூங்குகிறது. அம்மா கீழே குசினியில் நிற்கிறார். குழந்தை எழும்பிவிட்டதா என்று போனில் பார்க்கிறார். கமெராவுக்கும் போனுக்கும் நடுவில் இருப்பது ஒரு தளமும் ஒரு படிக்கட்டும். ஆனால் கடையில் வாங்கிய கமெராக்கள் பலவற்றில் அந்தப் படம் முதலில் இன்னொரு நாட்டில் உள்ள ஒரு கம்பனியின் சேர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி அதே வீட்டுக் குசினிக்கு வருகிறது. இதற்குச் சில வீடுகளில் மாதாமாதம் காசும் கட்டுகிறார்கள்.

இது தேவையில்லாத பயணம் என்பதுதான் என் வாதம். தேவையில்லாதது மட்டுமல்ல, ஆபத்தானதும் கூட. எங்கள் வீடுகளில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவது முதல் அப்பாவின் போனைத் திருத்துவது வரை எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் இதை மாற்றக்கூடியவர்களும் நீங்கள்தான். பதினைந்து, இருபது வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கற்பனைப் பயம் இல்லை, நடந்த கதை

"அண்ணா, எங்கட வீட்டை யார் பார்க்கப் போறாங்கள்?" என்று கேட்பீர்கள். நடந்தவற்றைப் பார்ப்போம்.

2023 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், அமேசனுக்குச் சொந்தமான ரிங் கம்பனி மீது குற்றம் சாட்டியது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைக் கம்பனி ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் பார்க்க இடம் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. 2017 இல் ஒரு ஊழியர் குறைந்தது 81 பெண்களின் கமெராக்களில் இருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார் என்று ஆணையம் சொன்னது. படுக்கையறை, குளியலறைக் கமெராக்கள் என்றால் அவருக்குக் கூடுதல் ஆர்வம். ரிங் 5.8 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே எந்த ஹக்கரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை. உள்ளே வேலை செய்தவரிடம் திறப்பு இருந்தது, அவர் திறந்தார்.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியின் அறைக் கமெராவுக்குள் ஒரு அந்நியன் நுழைந்து, தான் நத்தார் தாத்தா என்று சொல்லி அவளோடு பேசினான். பெற்றோர் அந்தக் கமெராவைச் சில நாட்களுக்கு முன்புதான், பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பொருத்தியிருந்தார்கள்.

2024 பெப்ரவரியில் வைஸ் கம்பனியின் சேவை சில மணி நேரம் விழுந்து எழும்பியபோது, சுமார் 13,000 பேருக்கு வேறு ஆட்களின் கமெராப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அவர்களில் 1,504 பேர் அந்தப் படங்களைத் தட்டித் திறந்தும் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்" என்று சொல்லி விற்ற யூஃபி கமெராவும் தப்பவில்லை. அது அறிவித்தல் அனுப்புவதற்காகப் படங்களைக் கிளவுட்டுக்கு ஏற்றுகிறது என்பதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் காட்டினார். பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை நம்பினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்த நாலு கதையிலும் ஒரே காரணம்தான். படம் வீட்டை விட்டு வெளியே போனது, அல்லது வெளியில் இருந்து உள்ளே வர ஒரு வழி இருந்தது. கம்பனி நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு வீட்டின் திறப்பில் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் வைத்தால், அந்தப் பத்துப் பேரும் உத்தமர்களாக இருந்தாலும் ஒரு நாள் ஒன்று தொலையும்.

சேர்வர் நின்றால் கமெராவும் செத்தது

இன்னொரு விஷயம் காசு. கூகிளின் நெஸ்ட், ட்ரொப்கேம் கமெராக்களுக்கான சேவையை 2024 ஏப்ரல் 8 ஆம் திகதி நிறுத்தியது. கமெராவில் எந்தப் பழுதும் இல்லை. லென்ஸ் நல்லாக இருந்தது, சிப் நல்லாக இருந்தது. ஆனால் அது பேசவேண்டிய சேர்வர் இல்லை. அன்றோடு அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது சாகவேண்டும் என்பதை விற்றவர் தீர்மானிப்பதை நாங்கள் ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்? சோற்றுப் பானைக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் எங்கள் அம்மாமார் அந்தக் கடைக்காரரை விடுவார்களா?

ஒரே ஒரு சோதனை

உங்கள் வீட்டில் ஏற்கனவே கமெரா இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தவேண்டாம். சுவரில் இருந்து ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. போனின் மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். இப்போது கமெராவைத் திறந்து பாருங்கள்.

படம் வந்தால், கமெரா உங்களோடு நேரடியாகப் பேசத் தெரிந்த கமெரா. படம் வராவிட்டால் அது உங்கள் வீட்டில் இருக்கும் வேறொருவருடைய கமெரா. மின்சாரம் மட்டும் உங்களுடையது.

படம் வந்தாலும் சோதனை பாதிதான் முடிந்தது. கம்பியைத் திரும்பப் போட்டபின் அது வெளியே எதையாவது அனுப்பலாம். அதற்கு மருந்து கீழே இருக்கிறது.

நீங்களே செய்யக்கூடிய மூன்று வழி

*முதலாவது: லாச்சிக்குள் கிடக்கும் பழைய போன்.* செலவு இல்லை. ஒரு பழைய அன்ட்ரொயிட் போனை முழுதாக அழித்து, சிம்மைக் கழற்றி, ஐபி வெப்கேம் என்ற செயலியைப் போடுங்கள். அமைப்பில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கிளவுட் என்று வரும் எதையும் தொடவேண்டாம். சேர்வரைத் தொடங்கியதும் திரையில் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரியும், கடைசியில் 8080 என்று இருக்கும். அதை அதே வைஃபையில் உள்ள இன்னொரு போனின் பிரவுசரில் அடித்தால் நேரலைப் படம் வந்துவிடும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும். வீட்டுக்குள் அறைக்கு இலக்கம் போட்டது மாதிரி. தபால்காரருக்கு அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. எப்போதும் சார்ஜில் கிடக்கும் பழைய போனின் பட்டரி வீங்கலாம். பின்பக்கம் உப்பியிருந்தால் அந்தப் போனைப் பாவிக்கவே வேண்டாம், மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். கட்டில், திரைச்சீலை அருகே வைக்கவேண்டாம். தேவையான நேரத்துக்கு மட்டும் ஓடவிடுங்கள். இது பழகிப் பார்ப்பதற்கு நல்ல வழி, வருடக்கணக்காக விடுவதற்கு இல்லை.

*இரண்டாவது: கடைக் கமெரா, ஆனால் சரியான கமெரா.* வாங்கமுன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஆர்.ரி.எஸ்.பி என்ற நெறிமுறைக்கு ஆதரவு இருக்கிறதா? அல்லது ஒன்விஃப் என்ற பொதுத் தரம் எழுதியிருக்கிறதா? இருந்தால் கம்பனியின் செயலியே இல்லாமல், வீ.எல்.சி போன்ற இலவச மென்பொருளில் அதன் படத்தை நேரடியாகத் திறக்கலாம். முதல் தடவை அமைக்க மட்டும் கம்பனியின் செயலி தேவைப்படலாம். அமைத்து முடிந்தபின் ரவுட்டருக்குள் போய் அந்தக் கமெராவுக்கு இணையத்தை நிறுத்திவிடுங்கள். பல ரவுட்டர்களில் இது பெற்றோர் கட்டுப்பாடு என்ற பக்கத்தில் இருக்கும். உங்கள் அம்மா உங்கள் போனுக்கு இரவு பத்து மணிக்கு இணையத்தை நிறுத்தப் பாவித்த அதே பொத்தான்தான். இப்போதாவது நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும்.

*மூன்றாவது: நீங்களே கட்டுவது.* எனக்குப் பிடித்தது இது. ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி 2021 இல் 15 டொலர் விலையில் வந்தது. அதனுடைய கமெரா மொடியூல் 3, 2023 இல் 25 டொலரில் வந்தது. இவற்றோடு ஒரு எஸ்.டி அட்டையும் மின்வழங்கியும் வேண்டும். ஸீரோ பலகையில் கமெரா பொருத்தும் வாய் சிறியது. கமெராவோடு வரும் அகலக் கேபிள் அதற்குப் பொருந்தாது. ஸீரோவுக்கான ஒடுங்கிய கேபிளையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமை முழுக்கத் தபாலுக்குக் காத்திருப்பீர்கள். இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் வலையமைப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டாதீர்கள்.

ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளால் அட்டையில் லைட் பதிப்பை எழுதுங்கள். எழுதும்போதே பயனர்பெயர், கடவுச்சொல், வைஃபை விபரம், எஸ்.எஸ்.எச் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், திரையும் கீபோர்ட்டும் தேவையில்லை. உங்கள் மடிக்கணினியில் இருந்து உள்ளே போய், மீடியா எம்.ரி.எக்ஸ் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளை இறக்குங்கள். அது ஒரே ஒரு நிரலும் ஒரு அமைப்புக் கோப்பும்தான். அந்தக் கோப்பில் ஒரு பாதைக்குப் பெயர் வைத்து, அதன் மூலம் ராஸ்பெரி பை கமெரா என்று குறிப்பிட்டால், அந்த நிரல் கமெராவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். பிறகு வீட்டில் எந்த பிரவுசரிலும் பலகையின் முகவரி, 8889 என்ற போர்ட், நீங்கள் வைத்த பெயர் ஆகியவற்றை அடித்தால் நேரலை. தாமதம் மிகக் குறைவு. நீங்கள் கையை ஆட்டினால் திரையிலும் உடனேயே ஆடும்.

இரண்டு வேலை மிச்சம். ஒன்று, அந்த மென்பொருள் ஆரம்பத்தில் யார் கேட்டாலும் படத்தைக் கொடுக்கும். அமைப்புக் கோப்பில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டு அதைப் பூட்டுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் வைஃபை கொடுக்கிறோம் அல்லவா? இரண்டு, ரவுட்டரில் அந்தப் பலகைக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறி, "கமெரா வேலை செய்யேல்லை" என்று நீங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது அம்மா போன் எடுப்பார்.

செய்யவே கூடாதது ஒன்று

யூரியூப்பில் பல வீடியோக்கள் இதற்குப் பிறகு, "வெளியில் இருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுங்கள்" என்று சொல்லும். அதைச் செய்யாதீர்கள். போர்ட் ஒன்றைத் திறப்பது உங்கள் வீட்டு வாசலைத் திறந்துவிட்டு, முழு உலகத்துக்கும் முகவரி கொடுப்பது போல. இணையம் முழுவதையும் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் இருக்கின்றன.

2014 இல் ஒரு இணையத்தளம் உலகம் முழுவதும் சுமார் 73,000 கமெராக்களின் நேரலையை ஒரே இடத்தில் காட்டியது. பெரிய ஹக்கிங் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். 2016 இல் மிராய் என்ற தீநிரல் அதே வழியாகக் கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் படையாகச் சேர்த்து, ஒக்டோபர் 21 ஆம் திகதி டின் என்ற கம்பனியைத் தாக்கியபோது ருவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் முடங்கின. பிரித்தானியா இதற்கெதிராகச் சட்டம் போட்டு, எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைத் தடுத்தது 2024 ஏப்ரல் 29 இல்தான். அதற்கு முன் வாங்கிய கமெரா இன்னும் எத்தனையோ வீடுகளில் தொங்குகிறது.

ஆகவே போர்ட் திறக்கவேண்டாம். ரவுட்டரில் யூ.பி.என்.பி என்ற வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். அது உங்களைக் கேட்காமலே சாதனங்களுக்குப் போர்ட் திறந்து கொடுக்கும்.

"ஆனால் வேலையில் இருந்து பார்க்கவேண்டுமே?"

நியாயமான கேள்வி. முதலில் உண்மையாகவே வேண்டுமா என்று கேளுங்கள். குழந்தை தூங்கும்போது வீட்டில் ஒரு பெரியவர் எப்படியும் இருக்கிறார். நாய் சோபாவில் ஏறியதை அலுவலகத்தில் இருந்து பார்த்து என்ன செய்யப் போகிறோம்?

உண்மையிலேயே வேண்டுமென்றால் வீ.பி.என் இருக்கிறது. வயர்கார்ட் என்பது இலவசம். 2020 முதல் லினக்ஸின் உட்பகுதியாகவே இருக்கிறது. அது உங்கள் போனை வெளியில் இருந்தபடியே வீட்டு வலையமைப்புக்குள் கொண்டுவந்து விடும். அதற்கும் ஒரு போர்ட் தேவை, ஆனால் சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. கமெராவின் சொந்தப் பக்கம் அப்படி இல்லை, அது எல்லோருக்கும் "யார் நீங்கள்?" என்று கதவைத் திறந்து கேட்கும்.

யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அப்பம்மா வீட்டுக்கு ஒரு மலிவுக் கமெராவைப் பூட்டிவிட்டு இங்கிருந்து பார்க்கும் குடும்பங்கள் நிறைய. அந்த மலிவுக் கமெராக்களைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஐலிங்க் பி2பி என்ற மென்பொருள் பாகத்தைப் பாவித்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்களில், கமெராவின் இலக்கத்தை ஊகித்தே உள்ளே புகக்கூடிய ஓட்டை இருந்தது 2019 இல் வெளிவந்தது. கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்ததும் படம் வந்துவிடும் என்ற வசதியின் மறுபக்கம் அது. அங்கேயும் ஒரு ராஸ்பெரி பை வைத்து, டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றால் இரண்டு வீட்டையும் இணைக்கலாம். அங்குள்ள இணைப்பு மொபைல் வழியாக இருந்தாலும் அது வேலை செய்யும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டிக்குள் சொக்லேற்றோடு அதையும் வையுங்கள்.

"கள்ளன் வந்தால்?"

இந்த நேரலைக் கமெரா கள்ளனைப் பிடிக்காது. நேர்மையாகச் சொல்லவேண்டும். பதிவு இல்லை, அறிவித்தல் இல்லை. அது வேறு வேலை. வாசலுக்குக் கமெரா வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு வட்டில் பதிவு செய்யும் முறைகள் இருக்கின்றன. ஃபிரிகேட் என்ற மென்பொருளைத் தேடிப் பாருங்கள். ஆனால் வாசல் கமெரா தெருவையும் அயல்வீட்டையும் பார்த்தால் சட்டம் வரும். 2021 ஒக்டோபரில் ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம், அயலவரின் நடமாட்டத்தையும் பேச்சையும் பதிந்த ஒருவர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பளித்தது. உங்கள் வளவுக்குள் மட்டும் பார்க்கிற மாதிரித் திருப்பி வையுங்கள்.

வீட்டுக்குள்ளே பதிவு இல்லாததைக் குறையாக நான் பார்க்கவில்லை. பதிவு செய்யாத கமெராவில் இருந்து நேற்றைய படம் கசியாது. எதைச் சேமிக்கவில்லையோ அதை யாரும் திருட முடியாது, எந்தப் பொலிசும் கேட்டு வாங்கவும் முடியாது. 2022 இன் முதல் பாதியில் மட்டும் 11 தடவை, உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அவசரம் என்று சொல்லிப் பொலிசுக்கு வீடியோ கொடுத்ததை அமேசனே ஒரு செனற்றருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது.

இதை எங்கள் ஆட்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அப்பா அம்மாமார் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த தலைமுறை, இங்கே வந்து தன் கூடத்தின் படத்தைத் தானாகவே வெளியே அனுப்புகிறது. அவர்கள் பேரில் பிழை இல்லை. பெட்டியில் "பாதுகாப்பு" என்று எழுதியிருந்தது. விளக்கிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

திறப்பு உங்கள் கைக்கு வந்தபின்

இனி கஷ்டமான பகுதி. கம்பனியைத் திட்டுவது சுலபம். கமெராவை நீங்களே கட்டியபின், பார்ப்பவர் நீங்கள். அப்போது கேள்வி உங்களிடம் திரும்பும்.

அம்மம்மாவின் அறையில் கமெரா வைக்கமுன் அம்மம்மாவைக் கேளுங்கள். "விழுந்துவிடுவியள், அதுக்குத்தான்" என்று முடிவெடுத்துவிட்டுச் சொல்வது கேட்பது ஆகாது. அவர் உடை மாற்றுகிறார், கும்பிடுகிறார், தனிய இருந்து அழுகிறார். அதெல்லாம் அவருடையது. படத்தைப் போனில் காட்டி, "இப்பிடித்தான் தெரியும், இன்னாருக்குத்தான் தெரியும்" என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விழுந்தால் அழுத்தும் பொத்தானைக் கழுத்தில் போடலாம், நாளுக்கு இரண்டு தடவை மேலே ஏறிப் போய் அவரோடு கதைக்கலாம். இரண்டாவதற்கு மின்சாரமும் வேண்டாம்.

வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்கு வருபவர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். ராஸ்பெரி பை கமெரா மொடியூல் 3 இல் சிவப்பு விளக்கு கிடையாது. அது ஓடுகிறதா இல்லையா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கோ அட்டையோ வையுங்கள். லென்ஸை மூட ஒரு மூடியும் செய்யுங்கள், தீப்பெட்டி மட்டையே போதும். மூடுகிற உரிமை அந்த அறையில் இருப்பவருக்கு.

தம்பி தங்கச்சியின் அறைக்குள் கமெரா வைக்கச் சொல்லி வீட்டில் கேட்டால், உங்களால் முடியும் என்றாலும் செய்யாதீர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடம் செய்கிறதா என்று தெரியவேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்கலாம். கைக்குழந்தைக்குப் போட்ட கமெராவுக்கும் ஒரு முடிவுத் திகதி வையுங்கள். பிள்ளை தானாகக் கட்டிலை விட்டு இறங்கி நடந்து வந்து கதவைத் திறக்கத் தொடங்கியதும், கமெரா கழற்றும் நேரம் வந்துவிட்டது.

இந்தச் சனிக்கிழமை கம்பியைக் கழற்றி அந்தச் சோதனையைச் செய்யுங்கள். படம் நின்றால் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அந்தக் கறுப்புத் திரையைக் காட்டுங்கள். விளக்கம் தமிழில் சொல்லுங்கள்: "இந்தக் கமெரா எங்களோட கதைக்கேல்லை, வேற ஆக்களோடதான் கதைக்குது." பிறகு லாச்சியைத் திறந்து பழைய போனைத் தேடுங்கள்.